சொந்தப் போட்டோவை ஓவியமாக்கப் போனால் எங்கெங்கே காசு போகும்

சொந்தமாக எடுத்த போட்டோக்களை ஓவியமாக்கி விற்கலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், கன்வஸ் வாங்க முதல் இதை ஒருதரம் வாசித்துவிடுங்கள். எனக்கு இதில் ஒரு முழு சீசனும் ஏறத்தாழ 70,000 ரூபாவும் போனது. அதில் பாதிக்கு மேல் தூரிகையைத் தொட முன்னமே போனதுதான் இன்றைக்கும் எரிச்சல். திருகோணமலையில் படம் கீறுகிறவர்கள் இருக்கிறார்கள், போட்டோ எடுக்கிறவர்கள் அதைவிட அதிகம். ஆனால் ஒன்றை மற்றதாக மாற்றும்போது இடையில் என்னென்ன நடக்கும் என்று சொல்லித்தர எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. யூடியூப்பில் சொல்லித்தருகிறவர்கள் ஏசி அறையில் இருந்து சொல்கிறார்கள். நம் ஊர் வெயிலும் வாடைக்காலத்து ஈரமும் அவர்களுடைய வீடியோக்களில் இல்லை.

நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள். காலையில் டச் பே கடற்கரையில் நடக்கப் போகும்போது போனிலும், விடுமுறை நாட்களில் பழைய கமரா ஒன்றிலும் படம் எடுப்பேன். கோட்டைக்குள் திரியும் மான்கள், கரையில் இழுத்து வைத்த வள்ளங்கள், கரைவலை இழுக்கிறவர்கள், நிலாவெளிக் கடல், பத்திரகாளி அம்மன் கோவில் கோபுரம் என்று நிறையச் சேர்ந்திருந்தது. உப்புவெளியில் கெஸ்ட்ஹவுஸ் நடத்தும் ஓர் அண்ணா அவற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தங்கச்சி, எட்டு அறைக்கும் எட்டுப் படம் வேணும். உங்கட போட்டோவையே பெயின்டிங் மாதிரி மாத்தித் தாங்கோ. இப்ப போன்லயே செய்யலாம்தானே?" முற்பணமாக 20,000 ரூபாவும் தந்தார். நம் பக்கம் வெளிநாட்டுக்காரர் வருவது மே முதல் செப்டெம்பர் வரைதான், அதற்குள் சுவரில் படம் ஏறவேண்டும் என்பது அவருடைய அவசரம். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதுவது மரியாதைக் குறைவு என்ற நினைப்பு இரண்டு பக்கமும் இருந்தது.

போனில் செய்யலாம் என்பது பொய்யில்லை. போட்டோவை எண்ணெய் ஓவியமாகக் காட்டும் செயலிகள் ஏராளம் இருக்கின்றன. நானும் ஒன்றை இறக்கி, நாலு படங்களை மாற்றி அனுப்பினேன். போன் திரையில் நன்றாகத்தான் இருந்தது, அண்ணாவும் நாலு இதயம் போட்டுப் பதில் அனுப்பினார். கொழும்பில் கன்வஸில் அச்சடிக்கும் கடை ஒன்றுக்கு 24க்கு 36 அங்குலத்தில் ஓர்டர் கொடுத்தேன். பார்சல் செலவோடு 42,000 ரூபா.

வந்ததைப் பிரித்தபோது அழுகைதான் வந்தது. கோட்டை வாசலில் கல்லில் பொறித்திருக்கும் 1675 என்ற ஆண்டு புழு நெளிந்த மாதிரி ஆகியிருந்தது. மானின் கண் இருந்த இடத்தில் ஒரு கறை. கோபுரத்தின் கலசங்களைக் காணவே இல்லை. நிலாவெளிக் கடலின் நீலம் சாம்பலாய்ப் போயிருந்தது. கடைக்குப் போன் எடுத்தால், "நீங்க அனுப்பின ஃபைலத்தான் மிஸ் அடிச்சோம்" என்றார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான், ஆனால் அச்சடிக்க முதல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரும்பாலான கடைகள் சொல்லாது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

ஏன் இப்படி ஆனது என்பதைப் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் புரிந்துகொண்டேன். கணக்கு என் தொழில், அதனால் இந்தப் பகுதி கொஞ்சம் நீளும். சாதாரணமாக 12 மெகாபிக்சல் போனில் எடுக்கும் படம் அகலத்தில் 4,000 புள்ளியும் (பிக்சல்) உயரத்தில் 3,000 புள்ளியும் கொண்டது. கிட்டேயிருந்து பார்க்கும் நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பார்கள். அப்படியென்றால் அந்தப் படம் 13க்கு 10 அங்குலத்துக்குத்தான் தாங்கும். கன்வஸில் நெசவு இருப்பதாலும் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பதாலும் 150 புள்ளி போதும். அந்தக் கணக்கில் 26க்கு 20 அங்குலம் வரை போகலாம். நான் கேட்ட 36 அங்குல நீளத்துக்கு 5,400 புள்ளி தேவை. ஆனால் செயலியின் இலவசப் பதிப்பு சேமித்துத் தந்தது 1,600 புள்ளிதான். அங்குலத்துக்கு 44 புள்ளி. எந்தப் பெரிய இயந்திரத்தாலும் இதைக் காப்பாற்ற முடியாது. ஆகவே எந்தச் செயலியில் மாற்றினாலும், சேமித்த பிறகு கோப்பின் விவரத்தைத் திறந்து நீள அகலப் புள்ளிகளைப் பாருங்கள், அதை அச்சு அங்குலத்தால் வகுங்கள். 150க்குக் கீழே வந்தால் அளவைக் குறையுங்கள். கணினி இருந்தால் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளிலேயே எண்ணெய் ஓவிய ஃபில்ட்டர் இருக்கிறது. அது படத்தின் முழு அளவிலேயே வேலை செய்யும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டொக்கியூமென்ட்டாக அனுப்புங்கள்.

கலசம் காணாமல் போனதற்குக் காரணம் வேறு. போன் படம் 4க்கு 3 என்ற விகிதம், 24க்கு 36 என்பது 3க்கு 2. இரண்டும் பொருந்தாது. உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கை வெட்டினால்தான் பொருந்தும், கடை அதைத் தன்பாட்டில் வெட்டிவிட்டது. வெட்டுவதை நீங்களே வெட்டி அனுப்புங்கள். கன்வஸைச் சட்டத்தில் மடித்து அடிப்பதற்கு ஓரத்தில் எவ்வளவு போகும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, திரை ஒளியை உமிழ்கிறது, மை ஒளியை வாங்கித் திருப்பித்தான் தருகிறது. நிலாவெளிக் கடலின் அந்தப் பச்சை கலந்த நீலம் மையில் முழுதாக வராது. திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் ஓரளவு உண்மை தெரியும். அதைவிடப் பத்திரம், படத்தின் ஒரு துண்டை மட்டும் அதே கன்வஸில் சிறிதாக அச்சடித்து அனுப்பச் சொல்வது. எனக்கு ஒரு கடை 800 ரூபாவுக்கு அதைச் செய்துதந்தது. 42,000க்கு முன்னால் அந்த 800 எவ்வளவு பெரிய காசு என்று எண்ணிப் பார்க்கிறேன்.

புள்ளிக் கணக்கெல்லாம் சரியாக இருந்திருந்தாலும் அந்தப் படங்கள் எனக்குப் பிடித்திருக்குமா என்றால், இல்லை. ஃபில்ட்டருக்கு எது முக்கியம் என்று தெரியாது. மானின் கண்ணுக்கும் அது நிற்கும் மண்ணுக்கும் ஒரே அளவு தூரிகைக் கோடுதான் போடும். கையால் கீறுகிறவள் மண்ணை நாலு இழுப்பில் முடித்துவிட்டுக் கண்ணில் அரைமணி நேரம் நிற்பாள். இதை உணர்ந்த பிறகுதான் கையாலேயே கீறுவது என்று முடிவெடுத்தேன். பள்ளியில் உயர்தரம் வரை சித்திரம் படித்த தைரியம் கொஞ்சம் இருந்தது.

முதலில் எடுத்தது என்னிடம் இருந்ததிலேயே அழகான போட்டோ. கோணேஸ்வரத்துக்குப் போகும் வழியில், சுவாமி மலையில் நின்று எடுத்த சூரிய உதயம். கட்டம் போட்டு, அளவு பிசகாமல் பெருப்பித்து, நிறம் பார்த்துப் பார்த்துப் பூசினேன். முடிந்தபோது பக்கத்தில் போட்டோவை வைத்துப் பார்த்தால் போட்டோவே நன்றாக இருந்தது. அதற்கு நான் செய்ய எதுவும் மிச்சம் இல்லை, எல்லாவற்றையும் வெளிச்சமே செய்து முடித்துவிட்டது. ஓவியத்துக்கு உதவியவை நான் அழிக்க நினைத்திருந்த படங்கள்தான். மப்பும் மந்தாரமுமான ஒரு நாளில் டச் பே கரையில் எடுத்த வள்ளங்கள், சரிந்த கோணத்தில் எடுத்த மீன் ஏலம், பாதி மறைந்த ஒரு கரைவலைக்காரர். இவற்றில் தகவல் இருந்தது, ஆனால் படம் இன்னும் ஆகவில்லை. ஒரு வள்ளத்தை இடம் மாற்றலாம், வானத்தைக் குறைக்கலாம், குப்பையை விட்டுவிடலாம். என்னிடம் யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்: பேஸ்புக்கில் அதிகம் லைக் வாங்கிய படத்தை ஓவியத்துக்கு எடுக்காதீர்கள். இந்தக் கருத்தோடு ஒத்துப்போகாதவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

போட்டோ சொல்லும் பொய்களும் சில உண்டு. போன் கமராவின் சாதாரண வில்லை அகலக் கோண வில்லை. கிட்ட நின்று வள்ளத்தை எடுத்தால் அணியம் ஊதிப் பெருத்துப் பின்பக்கம் சுருங்கிவிடும். அண்ணாந்து கோபுரத்தை எடுத்தால் இரண்டு பக்கமும் உள்ளே சரியும். போட்டோவில் கண் இதைப் பொறுத்துக்கொள்கிறது, ஓவியத்தில் "கீறத் தெரியேல்ல" என்று ஆகிவிடும். ஓவியத்துக்கென்று எடுக்கும்போது பின்னால் நகர்ந்து, இரண்டு மடங்கு சூமில் எடுங்கள். அடுத்தது நிழல். வெயிலில் எடுத்த போட்டோவில் மரத்தடி நிழல் வெறும் கறுப்பு. அதை அப்படியே பூசினால் கன்வஸில் ஓட்டை விழுந்த இடமாகத் தெரியும். நான் கோட்டைக்குள் இருக்கும் மரத்தடிக்கு ஒரு கொப்பியோடு திரும்பப் போய் நின்று பார்த்தேன். நிழலுக்குள் ஊதா இருந்தது, வானத்தின் நீலம் இருந்தது, உதிர்ந்த இலையின் செம்மண் நிறம் இருந்தது. அன்றிலிருந்து எந்தப் படம் எடுத்தாலும் அந்த இடத்திலேயே கொப்பியில் நாலு வரி எழுதிவிடுவேன்: நிழல் என்ன நிறம், எது அதிக வெளிச்சம், காற்று எந்தப் பக்கம், எனக்கு ஏன் இதை எடுக்கத் தோன்றியது. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத போட்டோக்களை நான் கீறுவதில்லை.

இன்னொரு சின்ன வித்தை. கீற முதல் போட்டோவைப் போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அப்போது எது இருட்டு, எது வெளிச்சம் என்பது மட்டும் தெரியும். கறுப்பு வெள்ளையில் எல்லாமே ஒரே சாம்பலாகத் தெரிந்தால் எவ்வளவு நிறம் அள்ளிப் பூசினாலும் அந்த ஓவியம் நிற்காது.

வர்ணம் வாங்கும்போது பெரிய பெட்டி வாங்காதீர்கள். டைட்டேனியம் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், பேர்ன்ட் சியன்னா, யெலோ ஓக்கர், ஒரு சிவப்பு, ஒரு எலுமிச்சை மஞ்சள் போதும். அல்ட்ராமரினும் பேர்ன்ட் சியன்னாவும் கலந்தால் குழாய்க் கறுப்பைவிட உயிருள்ள இருட்டு வரும். அக்ரிலிக் வர்ணம் நம் ஊர் வெயிலில் தட்டிலேயே காய்ந்துவிடும். மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டியில் நனைத்த துணியை விரித்து, அதன்மேல் கேக் வேகவைக்கும் கடதாசியை வைத்து, அதில் வர்ணத்தைப் பிழிந்தால் அடுத்த நாளும் ஈரமாக இருக்கும். இது தெரியாமல் குழாய் குழாயாகக் கொட்டியிருக்கிறேன். காய்ந்த பிறகு அக்ரிலிக் ஒரு படி கறுக்கும், நீர்வர்ணம் வெளிறும். அதனால் நிறத்தை ஓர் ஓரத்தில் பூசிக் காயவிட்டுப் பாருங்கள்.

இந்தச் சமயத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து, "போட்டோ பார்த்துக் கீறுறது கள்ளம்தானே பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். இரண்டு நாள் வேலை ஓடவில்லை. பிறகு தேடிப் படித்தால் பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா 1850களிலேயே போட்டோக்களைப் பார்த்து வரைந்திருக்கிறார். இன்னொரு பிரெஞ்சு ஓவியர் டெகா, தானே கமரா வைத்துப் படம் எடுத்திருக்கிறார். நம் நாட்டிலேயே போட்டோக் கலைஞர் லயனல் வென்ட் போட்டோவை வெட்டி ஒட்டியும், இருட்டறையில் நிழல் வெளிச்சத்தைப் புரட்டியும் புதுப் படங்கள் செய்தவர். 1944இல் இறந்துபோன ஒருவர் செய்ததைத்தான் நாம் இப்போது புதிதென்று பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்தவர் எடுத்த போட்டோவைக் கேட்காமல் கீறுவது வேறு விஷயம். அது கள்ளம்தான்.

ஒருவழியாக சீசன் முடியும்போது மூன்று ஓவியம் அண்ணாவிடம் போனது. முற்பணத்தோடு கணக்கு முடிந்தது என்று அவர் சொல்லிவிட்டார். மற்றவற்றைப் பிரேம் போட்டு, அடுத்த சீசனுக்கு விற்கலாமென்று பொலித்தீனில் சுற்றிச் சுவரோரம் நிலத்தில் சாய்த்து வைத்தேன். நவம்பரில் மழை பிடித்தது. தை பிறந்து பிரித்துப் பார்த்தால் கன்வஸின் பின்பக்கம் முழுக்கப் பூஞ்சணம். ஹார்ட்போர்ட் ஊதிப் பிரேமை விட்டுப் பிதுங்கியிருந்தது. கண்ணாடி போட்ட நீர்வர்ணப் படங்களில் கடதாசி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கப் போக வர்ணமும் கிழிந்து வந்தது. வர்ணம், கன்வஸ், பிரேம் எல்லாம் சேர்த்து 28,000 ரூபா இப்படிப் போனது. இரவிரவாகக் கண்விழித்துக் கீறியவை அவை, காசைவிட அதுதான் வலித்தது. அம்மா மட்டும், "வெயில்ல காயப் போட்டுப் பாப்பம்" என்று மிளகாய் காயவைக்கும் பாயில் ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

பொலித்தீன் ஈரத்தை வெளியே விடாமல் உள்ளேயே பூட்டி வைக்கும். பழைய பருத்திச் சேலையால் சுற்றுங்கள். நிலத்திலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் வெயில் எறிக்கும் நாட்களில் எடுத்துப் பாருங்கள், ஆனால் நேர் வெயிலில் போடாதீர்கள். கண்ணாடி போடுவதென்றால் படத்தைச் சுற்றித் தடித்த மட்டை வைத்து, கண்ணாடிக்கும் கடதாசிக்கும் நடுவில் இடைவெளி விடச் சொல்லுங்கள். பிரேம் கடைக்காரர் "தேவையில்ல" என்பார். தேவை.

அடுத்த சீசனில் அதே கெஸ்ட்ஹவுஸில் விற்பனைக்கு வைத்திருந்த துணிப் பைகளில் என் மான் படம் இருந்தது. பார்த்து ஓகே சொல்வதற்காக நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அதே ஃபில்ட்டர் படம். கேட்டால், "காசு தந்துதானே வாங்கினனான் தங்கச்சி" என்றார். கோபத்தில் பேச்சு வரவில்லை. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. போட்டோவுக்கும் ஓவியத்துக்கும் ஆக்கியவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 70 ஆண்டும் உரிமை உண்டு. ஓவியத்தை வாங்கியவருக்கு அந்தக் கன்வஸ் சொந்தம், அதைப் பிரதியெடுத்து விற்கும் உரிமை கூடவே போய்விடாது. ஆனால் வழக்கு, நோட்டீஸ் என்று போக எனக்குத் தெம்பும் இல்லை, சின்ன ஊரில் முகம் பார்க்க வேண்டியும் இருக்கிறது. இப்போது ஓர்டர் வந்தால் அரைப் பக்கக் கடதாசி ஒன்றில் அளவு, எத்தனை படம், எப்போது, எவ்வளவு, பிரதியெடுக்கும் உரிமை யாருக்கு என்று எழுதி இருவரும் கையெழுத்து வைக்கிறோம். பார்வைக்கு அனுப்பும் படம் 800 புள்ளிக்கு மேல் இருக்காது, நடுவில் பெயரும் இருக்கும். அதேபோல நாமும் நடக்கவேண்டும்: முகம் தெரியும்படி யாரையாவது கீறுவதென்றால் அவரிடம் கேளுங்கள். கரைவலைக்காரர் ஒருவரைக் கீறிவிட்டு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன், அன்றிலிருந்து என்னைக் கண்டால் நின்று சிரிக்கிறார். கடற்படைப் பகுதியைப் படம் எடுக்கவே வேண்டாம்.

பெரிய கன்வஸை விட்டுவிட்டுச் சின்ன வேலைகளுக்கு வந்த பிறகுதான் கைக்குக் காசு வரத் தொடங்கியது. ஓவியத்தைத் திரும்பப் போட்டோ எடுத்து, ஏ6 அளவில் தபாலட்டையாக அடிக்கிறேன். மர நிழலில் அல்லது வடக்குப் பார்த்த விறாந்தையில், பிளாஷ் இல்லாமல், நாலு மூலையும் நேராக வரும்படி சூமில் எடுத்தால் ஸ்கேனர் தேவையில்லை. ஓர் அட்டைக்கு எனக்கு 60 ரூபா விழுகிறது, 200க்கு விற்கிறேன். இன்னொன்று நீல அச்சு. ஆங்கில விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷல் 1842இல் கண்டுபிடித்த சயனோடைப் முறை. இரும்பு உப்புக் கரைசல் இரண்டைக் கலந்து கடதாசியில் இருட்டில் பூசிக் காயவிட்டு, நம் போட்டோவின் நெகட்டிவைப் போட்டோகொப்பிக் கடையில் பிளாஸ்டிக் தாளில் எடுத்து அதன்மேல் வைத்து வெயிலில் காட்டினால் போதும். திருகோணமலை வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. பிறகு தண்ணீரில் கழுவினால் கரும் நீலத்தில் படம் நிற்கும். காரத்தன்மையான தண்ணீர் அந்த நீலத்தை வெளிறச் செய்யும், அதனால் முதல் கழுவலுக்கு வடித்த தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விடுகிறேன். மருந்துகளைக் கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்கவேண்டும். கையுறை போடுங்கள், சமையல் பாத்திரங்களை அதற்குப் பாவிக்கவேண்டாம்.

போன மாதம் உப்புவெளி அண்ணா திரும்பவும் கேட்டிருந்தார், இந்தமுறை வரவேற்பறைக்கு ஒரு பெரிய படம். அரைப் பக்கக் கடதாசியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, பாதிக் காசு வந்த பிறகுதான் கன்வஸ் வாங்குவேன் என்று எழுதினேன். இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. அவருக்குப் பக்கத்து கெஸ்ட்ஹவுஸ் அக்கா மட்டும் தபாலட்டை நூறு எடுத்திருக்கிறா, காசும் கையோடு தந்துவிட்டா.